லைனில் இருப்பது யார்?

மயிலாப்பூர்
8-9-97, திங்கள் காலை

மஹதிக்கு,

எங்காத்துச் சாவியை முத்துலட்சுமிகிட்ட கொடுத்தனுப்பு. இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு கிடையாது. ஏதாவது சொல்லியே ஆகணும்னா எழுதி அனுப்பு. அவ பாத்திரம் தேய்க்க வரச்சே கொண்டுவருவா.

காரணம் தெரியாத மாதிரி முழிக்காதே. சனிக்கிழமை நான் மடியா இருக்கறச்சே, காலிங் பெல்கூட அடிக்காம, சாவியைப் போட்டுத் திறந்துண்டு, குளிக்காத உடம்போட ஹால் நடுவில வந்து நின்னே. "மாமி, உயிரோட இருக்கேளா?"ன்னு கேட்டே. நல்ல கேள்வி. நான் ஜன்னலைப் பாத்துண்டு என்னவோ சொல்லிண்டிருந்தேன். அதை எத்தனை நாழி நின்னு கேட்டியோ, தெரியாது.

நேத்திக்கு நீரஜா அமெரிக்காலேர்ந்து ஃபோன் பண்ணினா. எடுத்த எடுப்பிலேயே, "ஏம்மா, தனியாப் பேசிண்டே இருக்கியாமே?"ங்கறா. பெத்த பொண்ணு கேக்கற கேள்வியா இது? அவளுக்கு இதை யார் சொன்னா? இந்தாத்துக்குள்ள வந்தது நீ ஒருத்திதான்.

ஜூன் மாசம் வந்தவ ஃபோன் பக்கத்தில ஒரு பெட்டியை வெச்சுட்டுப் போனா. பெட்டி போறாதுன்னு கீழாத்துப் பொண்ணையும் வெச்சுட்டுப் போயிருக்கான்னு இப்பத்தான் புரியறது.

சாவி இன்னிக்கே வரணும்.

ஜலஜா


கீழ் வீடு
8-9-97, மாலை

அன்புள்ள மாமி,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கால் பரீட்சைக்குப் படிக்கவே ஓடவில்லை. இரண்டு குற்றங்களைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், மற்றதை மறுக்கிறேன்.

பெல் அடிக்காதது தப்புதான். ஆனால் அன்று காலை என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. தனியாக இருக்கும் பெரியவர்களைப் பெட்டி வழியாகக் கவனிக்கிற 'அருகாமை' ஆபீஸ்காரர்கள் நந்தனத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார்கள். "மேல் வீட்டு அம்மா எட்டு மணிக்குள் பச்சைப் பட்டனை அழுத்தவில்லை. பெட்டி வழியாகக் கூப்பிட்டும் பதில் இல்லை. போய்ப் பாருங்கள்" என்று ஒரு பெண் குரல் சொன்னது. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தேன். படியில் ஏறும்போது என் மனசில் என்னென்னவோ வந்தது, அதையெல்லாம் எழுத மாட்டேன். பெல் அடிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. மடியாக இருக்கும்போது அந்தப் பெட்டியைத் தொட மாட்டீர்கள் என்பதும், அன்று பூஜை எட்டு மணியைத் தாண்டிவிட்டது என்பதும், அது முடியும்வரை பெட்டிக்குப் பதில் சொல்ல மாட்டீர்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அது நந்தனத்துக்காரர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

நீங்கள் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது உண்மை. "நன்னா இருக்கேன், நன்னா இருக்கேன்" என்று இரண்டு தரம் சொன்னீர்கள். அதை நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. நீரஜா அக்கா ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் போன் செய்தாள். "அம்மா எப்படி இருக்கா?" என்றாள். "நன்றாக இருக்கிறார்" என்றேன். அவ்வளவுதான்.

"சாவியை நீரஜா கொடுத்தாள், நீரஜா வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று அம்மா சொல்கிறாள். ஆனாலும் அனுப்புகிறேன். அம்மாவுக்குத் தெரியாது. ஆணியில் எங்கள் பழைய பீரோ சாவியை மாட்டிவிட்டேன். இனி உங்களுக்கு ஏதாவது என்றால் நான் வாசலில் நின்று கதவைத்தான் தட்ட முடியும். இதை நீங்கள் யோசித்துத்தான் கேட்டீர்களா?

நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொன்னார்கள்? எனக்கு அந்தப் பெட்டிமேல் சந்தேகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
மஹதி


10-9-97

மஹதிக்கு,

சாவி வந்தது. பீரோ சாவி விஷயத்தில உன் மூளை நன்னாத்தான் வேலை செய்யறது. அதனாலதான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தியாறது.

பெட்டி விஷயம் நீ சொல்லித் தெரிஞ்சுக்க வேண்டியதில்லை. நான் வெளியூர் கால் போட்டுக் கொடுக்கற ட்ரங்க் எக்ஸ்சேஞ்சில ஆபரேட்டராச் சேர்ந்து சூப்பர்வைசரா ரிடையர் ஆனவ. பம்பாய்க்காரன் கடனும் கோயம்புத்தூர் மாப்பிள்ளை கோவமும் என் காது வழியாப் போயிருக்கு. லைன்ல ஒருத்தர் வந்து உக்காந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். முதல்ல சின்னதா ஒரு 'டிக்'. அப்புறம் நம்ம குரலே கிணத்துக்குள்ள பேசற மாதிரி கொஞ்சம் கனத்துடும். இந்தப் பெட்டியில அந்த 'டிக்' கேக்கறது. நான் பட்டனை அழுத்தாதபோதும் கேக்கறது. மத்தியானம் கேக்கறது, அப்பளம் சுடறச்சே கேக்கறது.

எங்க எக்ஸ்சேஞ்சில ஒரு சட்டம் உண்டு. நடுவில லைனுக்குள்ள போனா, "ஆபரேட்டர் பேசறேன்"னு சொல்லிட்டுத்தான் போகணும். சொல்லாம உக்காந்திருக்கிறவளுக்குப் பேரே வேற. அந்தப் பேரை உனக்கு எழுதப்படாது.

'டிக்' சத்தத்தை நீரஜாகிட்ட சொன்னா, "வயசானா அப்படித்தாம்மா கேக்கும்"பா. ஆகையினால நானே பரீட்சை பண்ணிக்கறேன். நீ உன் பரீட்சையைப் பாரு.

ஜலஜா


11-9-97

அன்புள்ள மாமி,

இன்று விஞ்ஞானப் பரீட்சை, சுமாராக எழுதினேன். சோதனை என்றால் எப்படிச் செய்ய வேண்டும் என்று அதில் ஒரு கேள்வி வந்தது. சந்தேகப்படுகிற பொருள் இரண்டு இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் சோதிக்கக் கூடாது. தனித்தனியாகத்தான் சோதிக்க வேண்டும்.

ஆகவே ஒரு யோசனை சொல்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது பெட்டிக்கு எதிரே நின்று ஒரு பொய்யைச் சத்தமாகச் சொல்லுங்கள். என்ன பொய் என்று என்னிடமும் சொல்லாதீர்கள், முத்துலட்சுமியிடமும் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொய் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தால் குற்றவாளி பெட்டிதான்.

முத்துலட்சுமி எங்களைக் கேலி செய்கிறாள். "இன்னா பாப்பா, ஒரே மாடிப்படி. ஏறுனா மாமி மூஞ்சி, எறங்குனா உன் மூஞ்சி. இதுக்குப் போயி தபாலு நடத்திக்கினு கீறீங்க. எனுக்கு ஒரு காக்கிச் சட்டை தெச்சுக் குடு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் உங்கள் வீட்டுக் கதவு மூடியே இருப்பதை நினைத்ததும் சிரிப்பு போய்விட்டது.

மஹதி


15-9-97, திங்கள்

மஹதிக்கு,

பெட்டி மாட்டிண்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹாலில தனியா நின்னுண்டு, "இனிமே எனக்குச் சாதமே வேண்டாம், மூணு வேளையும் அவல்தான்"னு சுவரைப் பாத்துச் சொன்னேன். சொல்லிட்டு நன்னா ரசஞ்சாதம் சாப்பிட்டேன். நேத்திக்கு ஃபோன்ல நீரஜா, "ஏம்மா, சாப்பாட்டைக் குறைச்சுட்டியா? அவல் மட்டும் தின்னா உடம்புக்கு ஆகுமா?"ங்கறா. "யாருடி சொன்னா?"ன்னேன். "அருகாமைலேர்ந்து வாராவாரம் ஃபாக்ஸ் வரதும்மா, உன் நல்லதுக்குத்தான்"னா. பழைய ஃபாக்ஸையும் படிச்சுக் காட்டினா. 'தனக்குத்தானே பேசுகிறார்'னு டைப் அடிச்சிருக்காளாம். பிரிச்ச லெட்டரை மறுபடி ஒட்டிக் கொடுக்கற தபால்காரனைக்கூட மன்னிக்கலாம்.

பெட்டிமேல கனமா ஒரு துண்டைப் போட்டுட்டேன். பட்டன் மட்டும் வெளியில தெரியறது.

ஆனா ஒண்ணு. பெட்டி சொல்லித்துங்கறதால நீ சொல்லலைன்னு ஆயிடாது. நீதானே எழுதினே, தனித்தனியா சோதிக்கணும்னு?

இன்னொரு விஷயம். இன்னிக்குக் காலம்பறக் குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன். கையை ஊணிண்டேன், ஒண்ணும் இல்லை. யார்கிட்டயும் சொல்லாதே. முக்கியமா நீரஜாகிட்ட.

ஜலஜா


16-9-97

அன்புள்ள மாமி,

உங்கள் கடிதத்தின் கடைசி நாலு வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பெட்டியைப் பிடித்துவிட்ட சந்தோஷம்கூட எனக்கு வரவில்லை.

நேற்று மாலையே மேலே வந்து கதவைத் தட்டினேன். நீங்கள் உள்ளிருந்தே "ஒண்ணும் இல்லை, போ" என்றீர்கள். குரலில் கோபம் இருந்ததா வலி இருந்ததா என்று கதவுக்கு வெளியில் நின்றுகொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது? ஆபத்து என்றால் அழுத்துவதற்காக, கழுத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த சிவப்புப் பட்டன் எங்கே இருந்தது? குளிக்கும்போது கழற்றி ஹாலில் மாட்டிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அது தொங்குகிற இடத்தில் யாரும் விழுவதில்லை, மாமி.

தெற்கு மாட வீதியில் டாக்டர் கணேசமூர்த்தி இருக்கிறார். நான் கூட வருகிறேன். வழியில் ஒரு வார்த்தை பேச மாட்டேன், பேச்சு இல்லை என்ற உங்கள் விதி அப்படியே இருக்கட்டும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று எழுதித் தரும்படி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எழுத எனக்குக் கை வந்திருக்காது.

மஹதி


22-9-97, திங்கள்

மஹதிக்கு,

நேத்து நீரஜா அழுதாள். "விழுந்துட்டு என்கிட்ட மறைக்கறியே"ன்னு அழுதாள். யார் சொன்னதுன்னு கேக்க வேண்டிய அவசியமே இல்லை. அன்னிக்குப் பெட்டி துண்டுக்குள்ள இருந்தது. நான் வாயைத் திறந்து அதைச் சொல்லவும் இல்லை. எழுதினேன். ஒரே ஒருத்திக்குத்தான் எழுதினேன்.

நான் விழவே இல்லை. அது உனக்குன்னு போட்ட வலை. அவல் பெட்டிக்கு, வழுக்கல் உனக்கு. ரெண்டு வலையிலயும் மீன்.

இப்ப நடந்திருக்கறதைக் கேளு. அவ இங்கே வரதுக்கு டிசம்பருக்கு டிக்கெட் போட்டாச்சு. ஃப்ளாட்டை வித்துட்டு, அடையாறு தாண்டி ஏதோ ஒரு இல்லமாம், அங்கே என்னைச் சேர்க்கப் போறாளாம். அங்க கட்டிலுக்குக் கட்டில் பெட்டியாம், நர்ஸாம், சாயந்தரம் பஜனையாம். "நான் விழலைடி, அந்தப் பொண்ணைச் சோதிக்கப் பொய் சொன்னேன்"னு சத்தியம் பண்றேன். "விழுந்தவா எல்லாரும் விழலைன்னுதான் சொல்லுவாம்மா"ங்கறா. அவகிட்ட ஃபாக்ஸ் இருக்கு. தனியாப் பேசறேன், சாப்பிடறதில்லை, விழறேன், கீழாத்துப் பொண்ணுக்கு வலை போடறேன். இத்தனையும் சேர்த்துப் பாத்தா எனக்கே என்மேல சந்தேகம் வரது.

எனக்குன்னு இருக்கறது இந்த ரெண்டு ரூமும், ஜன்னல்ல தெரியற அந்தத் துளி கோபுரமும்தான். அதை நீ ஃபோன்ல கொடுத்துட்டே.

ஜலஜா


23-9-97

அன்புள்ள மாமி,

நான்தான் சொன்னேன். வேறு யாருமில்லை.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன். அக்கா போனில், "மஹதி, உண்மையைச் சொல்லு, அம்மா நன்னா இருக்காளா?" என்றாள். போன வாரம்வரை "நன்றாக இருக்கிறார்" என்று சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, ஏனென்றால் அது உண்மை. இந்த வாரம் வாயைத் திறந்தேன், வரவில்லை. அக்கா, "என்ன ஆச்சு?" என்று கத்தினாள். சொல்லிவிட்டேன். அதற்குமேல் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் இன்னும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாள்.

இருந்தாலும் எனக்குக் கோபமாக இருக்கிறது. யாராவது விழுந்துவிட்டேன் என்று பொய் சொல்லி ஒருத்தியின் நாணயத்தைச் சோதிப்பார்களா? நான் சொல்லாமல் இருந்து, நீங்கள் நிஜமாகவே விழுந்திருந்தால், அப்போது நான் எந்தப் பரீட்சையில் பாஸ்?

ஆனால் வீடு போகும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. அக்காவுக்கு நானே கடிதம் எழுதுகிறேன். "மாமி விழவில்லை, என்னைச் சோதிக்கத்தான் அப்படிச் சொன்னார்" என்று எழுதுகிறேன். ஆனால் பார்க்காமல் எழுதினால் அக்கா நம்ப மாட்டாள். ஒரு நிமிஷம் கதவைத் திறந்து எனக்கு முகத்தைக் காட்டுவீர்களா?

இன்னொன்று. இதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரமாக நீங்கள் காயப்போடும் புடவையிலிருந்து எங்கள் வராந்தாவில் தண்ணீர் கொட்டுகிறது. என் பூகோளப் புத்தகத்தில் ஆஸ்திரேலியா முழுக்க ஊறிவிட்டது. கொஞ்சம் பார்த்துப் பிழிந்து போடச் சொல்லி அம்மா எழுதச் சொன்னாள்.

மஹதி


27-9-97, சனி

மஹதிக்கு,

புடவை விஷயம் கவனிக்கிறேன்.

நேத்திக்கு நந்தனம் போனேன். ஆட்டோவிலதான். கீழே வாட்ச்மேன், "இன்னாம்மா, ஆரைப் பாக்கணும்? மேல ஃபுல்லா லேடீஸ்தான் கீறாங்கோ"ன்னான். "அந்த லேடீஸைத்தான் பாக்கணும்"னேன்.

மாடியில ஏ.சி. ரூம். மூணு பொண்ணுகள் காதில ஹெட்ஃபோன் மாட்டிண்டு உக்காந்திருக்கா. எதிரே ஒரு போர்டு, போர்டு நிறைய சின்னச் சின்ன பல்பு. ஒரு பல்பு ஒரு வீடு. அப்படியே எங்க எக்ஸ்சேஞ்ச். என்ன, அங்கே ரெண்டு பேர் பேசிக்கறதுக்காக நாங்க உக்காந்திருந்தோம். இங்கே ஒருத்தரும் யாரோடயும் பேசிக்கலை.

நான் வாயைத் திறந்து "நமஸ்காரம்"னதும், கோடியில இருந்த பொண்ணு திரும்பினா. "மயிலாப்பூர் மாமிதானே?"ன்னா. முகத்தைப் பாக்காம என்னைத் தெரிஞ்சுண்டிருக்கா. பேர் ஷாகிரா. "நீதானா என் ஹால்ல உக்காந்துண்டு அப்பளம் சுடறதைக் கேக்கறவ?"ன்னேன். அவ முகம் செத்துப் போச்சு. அதுக்குள்ள மேனேஜர் ராஜரத்தினம் ஓடிவந்தார். "மேடம், எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான். பிள்ளைங்க வெளிநாட்டிலேருந்து விவரம் கேக்கறாங்க. பட்டனை அழுத்தினாங்கன்னு மட்டும் அனுப்பினா, இதுக்கா இவ்வளவு பணம்னு கேக்கறாங்க"ன்னார்.

அந்தப் பொண்ணு மெதுவா, "பேசற வீடுன்னா எங்களுக்கு நிம்மதிம்மா. சத்தமே வராத வீடுதான் பயம். அதுக்குத்தான் நடுநடுவில திறந்து பாப்போம். உங்க லைனைத் திறந்தாலே மனசு லேசாயிடும்"னா. "அதை ஃபாக்ஸில எழுதறதுதானே?"ன்னேன். "அதுக்கு அதில கட்டம் இல்லைம்மா"ங்கறா.

நான் தனியா என்ன பேசறேன்னு அவகிட்ட சொன்னேன். உனக்கும் சொல்றேன், நீயும் கேட்டவதானே. நீரஜா ஃபோன் பண்றச்சே நான் இருமினாலோ, ஒரு பேர் சட்டுனு வரலைன்னாலோ, குரல் கொஞ்சம் கம்மினாலோ, அவ்வளவுதான், என்ன உடம்புக்குன்னு ஆரம்பிச்சுடுவா. அதனால சனிக்கிழமையே ஒத்திகை பாத்து வெச்சுக்கறேன். 'நன்னா இருக்கேன்'ங்கறதை எந்தக் குரல்ல சொன்னா அவ நம்புவாள்னு. அதைத்தான் இந்தப் பொண்ணு 'தனக்குத்தானே பேசுகிறார்'னு எழுதியிருக்கா.

கடைசியா ராஜரத்தினத்துகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். லைனைத் திறந்தா, "ஷாகிரா பேசறேன்"னு சொல்லிட்டுத் திறக்கட்டும். சொல்லாம வரப்படாது. "சிஸ்டம் அப்படி இல்லை மேடம்"னார். "சரி, இங்க போர்டுல இருக்கிற ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போய், பெட்டி என்ன பண்றதுன்னு சொல்றேன், எனக்கு வேற வேலை இல்லை"ன்னேன். உங்க வீட்டுக்கு மட்டும் செய்யறோம்னு ஒத்துண்டார். இன்னிக்குக் காலம்பறப் பெட்டி, "குட்மார்னிங்மா, ஷாகிரா பேசறேன்"னுது. ஆனா சொல்லாம திறக்கறாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? துண்டு இன்னும் அப்படியேதான் இருக்கு.

தனியா ஆட்டோ பிடிச்சு, மாடி ஏறி, ஒரு மேனேஜரை மடக்கிட்டு வந்திருக்கேன். விழுந்தவ பண்ற காரியமா இது? இதையெல்லாம் நீரஜாவுக்கு எழுது. 'மாமி நன்னா இருக்கா, விழவே இல்லை'ன்னு ஸ்பஷ்டமா எழுது. என் பேச்சை அவ நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா. நீ கொடுத்ததை நீயே வாங்கிக் கொடு.

கதவைத் திறக்கறதுக்கு என்ன அவசரம்? அப்புறம் பாக்கலாம்.

ஜலஜா


1-10-97, புதன்

அன்புள்ள மாமி,

அக்காவுக்குக் கடிதத்தை ஆரம்பித்துவிட்டேன். நந்தனம் போனது, ஷாகிரா, ஒத்திகை எல்லாம் எழுதினேன். அதை எழுதும்போது உங்களை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. "விழவே இல்லை" என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது.

நீங்கள் ஆட்டோவில் ஏறியதை அன்று நான் எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஒளிந்து பார்க்கவில்லை. பள்ளிக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கைக்கடிகாரம் எப்போதும் இடது கையில், முகம் உள்பக்கமாக இருக்கும். அதைப் பார்க்க நீங்கள் மணிக்கட்டைத் திருப்புவது எனக்குப் பிடிக்கும். அன்று வலது கையில் இருந்தது. பையும் வலது தோளில்தான். இடது கை முந்தானைக்குள் இருந்தது. ஆட்டோக்காரர் கை கொடுக்க வந்தபோது விலகிக்கொண்டீர்கள்.

அப்புறம்தான் புடவை ஞாபகம் வந்தது. நான் அதைப் புகாராக எழுதினேன், முட்டாள். ஈரப் புடவையைப் பிழிய இரண்டு கையும் வேண்டும். நான் எங்கள் வீட்டில் ஒரு கையால் பிழிந்து பார்த்தேன். சரியாக அந்த அளவுக்குத் தண்ணீர் சொட்டியது. அது கொட்ட ஆரம்பித்தது நீங்கள் விழுந்ததாக எழுதிய வாரத்தில்தான். நாளைக்கு நவராத்திரி. எங்கள் வீட்டில் படி கட்டியாகிவிட்டது. உங்கள் வீட்டில் பரண் பெட்டியை இறக்கும் சத்தமே இன்னும் கேட்கவில்லை. போன வருஷம் இதற்குள் என்னைக் கூப்பிட்டுத் தசாவதார செட்டைத் துடைக்கச் சொல்லிவிட்டீர்கள்.

முத்துலட்சுமியிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். ஆனால் அப்போது அவளும் ஒரு பெட்டி ஆகிவிடுவாள்.

நீங்கள் வலை போடவில்லை, மாமி. விழுந்தீர்கள். அதை என்னிடம் சொன்னீர்கள். விஷயம் அக்காவுக்குப் போன பிறகுதான் அதற்கு வலை என்று பெயர் வைத்தீர்கள். நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் கதவைத் திறந்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டுங்கள். படியிலேயே விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

போன ஞாயிறு அம்மாவே போனை எடுத்துப் பேசிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள், என்னைக் கேட்பாள். எனக்கு ஒத்திகை பார்க்கத் தெரியாது. பார்த்ததைச் சொல்லிவிடுவேன். உங்கள் வீடு உங்களிடமே இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக நான் நினைக்கிறேன். ஆனால் அதற்காக, கை வீங்கினபடி நீங்கள் கதவுக்குப் பின்னால் தனியாக இருக்கிறபோது "நன்றாக இருக்கிறார்" என்று என்னால் சொல்ல முடியாது.

போன தடவை உங்களுக்குத் தெரியாமல் சொன்னேன். இந்தத் தடவை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மஹதி பேசறேன், மாமி. லைனில் இருக்கிறேன்.


3-10-97, வெள்ளி

மஹதிக்கு,

விழுந்தேன். பதினஞ்சாம் தேதி எழுதினது நிஜம். வலைன்னு அப்புறம் எழுதினதுதான் பொய்.

குளியலறை வாசப்படியில. துண்டு போடாம இருந்தாலும் பெட்டிக்குக் கேட்டிருக்காது, அது ஹாலைத்தான் கேக்கும். கொஞ்ச நாழி அப்படியே உக்காந்திருந்தேன். எழுந்ததும், யார்கிட்டயாவது சொல்லணும்போல இருந்தது. பெட்டிகிட்ட சொல்ல மனசு வரலை. உனக்கு எழுதினேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஒரு குழந்தைகிட்ட கேட்டது நியாயமில்லை. அதை அப்பவே தெரிஞ்சுண்டுதான் கேட்டேன்.

இடது மணிக்கட்டு வீங்கியிருக்கு. விரல் மடங்கறது, முழுக்க மடங்கலை. வாட்ச்சை மாத்திக் கட்டிண்டா யாருக்குத் தெரியப் போறதுன்னு நினைச்சேன். ஆட்டோக்காரனுக்குத் தெரியலை, மேனேஜருக்குத் தெரியலை, காது இருக்கிற அந்தப் பொண்ணுக்கும் தெரியலை.

இன்னிக்குச் சாயந்தரம் டாக்டர் கணேசமூர்த்திகிட்ட போகலாம். வழியில பேசலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஞாயித்துக்கிழமை ஃபோன் வரச்சே நீ மேல வந்து பக்கத்தில உக்காரு. முதல்ல நானே சொல்லிடறேன், ஒத்திகை இல்லாம. விழுந்தது, மறைச்சது, ரெண்டும். அதுக்கப்புறமும் அவ என்னை இங்கேயே விட்டா, குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி போடச் சொல்றேன். சிவப்புப் பட்டனையும் அங்கேயே மாட்டிக்கறேன். விடலைன்னா, டிசம்பர்ல வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லட்டும், ஃபாக்ஸைப் பாத்து வேண்டாம். பேச்சு நடுவில நான் 'நன்னா இருக்கேன்'னு ஆரம்பிச்சா நீ ஃபோனை வாங்கிக்கோ. ஆனா பேசறதுக்கு முன்னாடி யார் பேசறேன்னு சொல்லிட்டுப் பேசு.

சாவி இந்தக் கடுதாசியோட வரது. உங்காத்து பீரோ சாவியை எடுத்துட்டு அந்த ஆணியிலேயே மாட்டு. உங்கம்மாவுக்குத் தெரிஞ்சே மாட்டு.

நாளைக்குக் காலம்பற பெல் அடி. நான் வரேனான்னு பாரு. வர நாழியானா திறந்துண்டு வா. கல்லு மேல புடவை ஊறிண்டிருக்கும், மடிப் புடவை. நீதான் பிழியணும். குளிச்சுட்டு வா.

ஜலஜா